ஒரு புள்ளியின் தூரம்

1980களின் முற்பகுதியில் தென்கடற்கரை ஊர்களில் வாழ்ந்தோருக்கு ஒரு காட்சி இன்றும் கண்முன் நிற்கும். ஓட்டு வீடுகளின் மேலே, வீட்டின் உயரத்தைப்போல் இரு மடங்கு உயரத்தில் இரும்புக் குழாய்கள். அவற்றின் உச்சியில் மீன்முள்ளை ஒத்த அலுமினிய ஆன்டெனாக்கள். அவை எல்லாவற்றின் முகமும் தென்கிழக்கில் கடலை நோக்கி. சென்னைத் தொலைக்காட்சி நம் பக்கம் எட்டாதிருந்த காலம் அது. 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியே நம் கடற்கரை மக்கள் பலருக்கு முதல் தொலைக்காட்சி. சில இரவுகளில் படம் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும். மறுநாள் அதே நேரத்தில் திரை முழுதும் புள்ளிகள் பறக்கும். "இன்னைக்குக் காத்து சரியில்ல" என்பார்கள் பெரியவர்கள். அது வெறும் பேச்சன்று, அறிவியல் முறையிலும் ஏறக்குறைய சரியான விளக்கமே என்பதை நாம் பல ஆண்டுகள் கழித்தே அறிந்துகொண்டோம்.

இந்த வகை அலைகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அவை நேர்க்கோட்டில் செல்பவை. பூமி உருண்டை, ஆகவே ஓர் எல்லைக்கு அப்பால் நிலமோ கடலோ மறைத்துவிடும். கணக்கும் எளிதுதான்: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அலை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். ரூபவாகினியின் நிலையம் நிற்கும் பிதுருதலாகலை மலை 2,524 மீட்டர் உயரமுடையது. கணக்குப்படி அங்கிருந்து ஏறத்தாழ 207 கிலோமீட்டர். நம் வீட்டுக் குழாய் 15 மீட்டர் என்றால் இன்னும் 16 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் குமரிக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட நம் ஊர்களோ அம்மலையிலிருந்து 330 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவில் உள்ளன. இடையிலுள்ள நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீட்டரை அந்தப் படங்கள் எப்படித் தாண்டின?

(இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதையும் அதையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. அது மத்திய அலையிலும் சிற்றலையிலும் வந்தது. அவ்வலைகள் தூரம் செல்லும் வழியே வேறு.)

தாண்டிய வழி இதுதான். வழக்கமாக மேலே செல்லச் செல்லக் காற்று குளிரும். சில நாள்களில், குறிப்பாகப் பனிக்காலம் முடிந்து கடல் அசையாது கிடக்கும் மாதங்களில், இந்த ஒழுங்கு தலைகீழாகும். நிலத்திலிருந்து நகர்ந்து வந்த உலர்ந்த வெப்பக் காற்று, கடலைத் தொட்டுக்கிடக்கும் குளிர்ந்த ஈரக் காற்றின்மேல் ஒரு மூடிபோல் படியும். மேலெழுந்து விண்ணுக்குப் போக வேண்டிய அலை அந்த மூடியில் வளைந்து கீழே திரும்புகிறது. மீண்டும் மேலே சென்று மீண்டும் வளைகிறது. கானல்நீரைக் காட்டும் அதே ஒளிவிலகல்தான் இங்கே வானொலி அலைக்கு நேர்கிறது. கடலின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய் அமைந்துவிட்டதாகக் கொள்ளலாம்.

இதை உலகுக்கு முதலில் உணர்த்தியவர்களுள் மார்க்கோனியும் ஒருவர். 1931 பிப்ரவரி 12 அன்று பதினொன்றாம் பத்திநாதர் தொடங்கிவைத்த வத்திக்கான் வானொலியை அமைத்தவர் அவர்தான் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. அதற்கு அடுத்த ஆண்டில் அவர் செய்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1932 ஆகஸ்டில், உரோமையை அடுத்த ரோக்கா தி பாப்பா என்னும் குன்றூரிலிருந்து அரை மீட்டரளவே நீளமுள்ள நுண்ணலைகளை அனுப்பி, ஏறத்தாழ 270 கிலோமீட்டருக்கு அப்பால், கடல் கடந்து சார்தீனியாத் தீவில் அவற்றைப் பெற்றார். அவ்வலைகள் அடிவானத்தைத் தாண்டா என்பதே அந்நாளைய கணிப்பு. பின்னர் 1957 ஜூலையில் கலிபோர்னியாவிலிருந்த ஜான் சேம்பர்ஸ், ஹவாய்த் தீவிலிருந்த ரால்ப் தாமஸ் என்னும் இரு அமெச்சூர் வானொலியர் 144 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 4,000 கிலோமீட்டர்ப் பசிபிக் கடலைத் தாண்டி ஒருவரையொருவர் கேட்டனர். அவர்களுக்கு அது பெருமகிழ்ச்சி. எங்களுக்கு அதே நிகழ்வு 2018இல் பெருந்தொல்லையாக வந்து சேர்ந்தது.

அமெச்சூர் வானொலி என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். நடுவணரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்கள், வணிக நோக்கமின்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி அது. பேசுவோரை ஹாம் என்பது உலக வழக்கு. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. இந்தியருக்கு வி.யு. என்னும் இரண்டு எழுத்துகளில் தொடங்கும். பேசத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் இடையிடையேயும் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் பொத்தானை அழுத்துவது விதிமீறல் மட்டுமன்று. ஹாம்களிடையே அதைவிட இழிவான செயல் வேறில்லை.

கையடக்கக் கருவியின் ஆற்றல் பெரும்பாலும் ஐந்து வாட்டுக்குள்தான். தெருவில் நின்று பேசினால் ஊர் எல்லையைத் தாண்டுவதே அரிது. அதற்காக உயரமான மலையில் ஒரு பெட்டியை வைக்கிறார்கள். ரிப்பீட்டர் என்பது அதன் பெயர். கீழேயிருந்து ஓர் அலைவரிசையில் வரும் பேச்சைக் கேட்டு, அதே நொடியில், 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னோர் அலைவரிசையில் பேராற்றலுடன் திரும்பச் சொல்லும். கரையில் மணல்மேட்டின்மேல் நின்றுகொண்டு, படகிலிருப்பவன் சொல்வதை ஊருக்கும் ஊரார் சொல்வதைப் படகுக்கும் உரக்கச் சொல்லும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்கும் அழைப்புக்குறி உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மோர்ஸ் ஒலியில் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும். எங்கள் குழுவின் பெட்டி மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் ஓர் உச்சியில் இருந்தது. குழு என்றால் அப்போது பதினோரு பேர்.

2017 நவம்பர் 30ஆம் நாளைக் குமரிக் கரையில் எவரும் மறந்திருக்க முடியாது. ஓக்கிப் புயலில் தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் கரை திரும்பவில்லை. செய்தி போய்ச்சேராமையே பலர் இறந்ததற்குக் காரணம் என்னும் எண்ணம் கரையெங்கும் கனன்றது. அதுவரை பொழுதுபோக்காக இருந்த எங்கள் மலைப்பெட்டியின்மேல் திடீரென எல்லாருடைய கண்ணும் விழுந்தது. தொலைபேசிக் கோபுரங்கள் சாயும் நாளில் ஊருக்கு ஊர் செய்தி சொல்ல இது ஒன்றாவது இயங்கவேண்டும் என்று, நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு எல்லா ஊரிலிருந்தும் அழைத்துச் சரிபார்க்கும் கூட்டு அழைப்பைத் தொடங்கினோம்.

அந்தக் கூட்டு அழைப்புக்கு வந்து சேர்ந்தவர்களில் இருபத்து நான்கு வயதுத் தம்பி ஒருவர் இருந்தார். விடியற்காலையில் மாமனுடன் வள்ளத்தில் தொழிலுக்குப் போய், நண்பகலில் கரை சேர்ந்து, மாலையில் ஊருக்குள் கைப்பேசி பழுதுபார்ப்பவர். அவருடைய சிற்றப்பா ஓக்கியில் போனவர். புயலுக்கு முன்பே தேர்வெழுதியிருந்தார். உரிமம் கைக்கு வந்தது 2018 பிப்ரவரி முதல் வாரத்தில். விலை குறைந்த சீனக் கைக்கருவி ஒன்று வாங்கி, பெயரும் குறியும் சொல்லி, மிகுந்த மரியாதையுடன் பேசத் தொடங்கினார்.

அதற்கு அடுத்த வாரம் தொல்லை தொடங்கிற்று.

யாரும் பேசாதபோதே மலைப்பெட்டி 'டக்' என்று திறக்கும். இரண்டு நொடி இரைச்சல், எவர் குரலும் இராது, மூடிக்கொள்ளும். சிறிது நேரத்தில் மீண்டும். ஓரிரவில் முப்பது, நாற்பது முறை. கூட்டு அழைப்பில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் குரலின்மேல் காதைத் துளைக்கும் ஒரு சீழ்க்கை ஏறும். இந்த எஃப்.எம். முறைக்கு ஓர் இயல்பு உண்டு. இரண்டு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் வந்தால், வலுத்தது மெலிந்ததை முற்றாக விழுங்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய சமவலுவாக இருந்தால் மட்டும் ஒன்றோடொன்று மோதிச் சீழ்க்கையடிக்கும். ஆகவே தொலைவிலுள்ள சிறு ஊர்க்காரர்களின் குரல்தான் அதிகம் சிதைந்தது. யாருக்கு அந்தப் பெட்டி தேவையோ அவர்கள்தாம் அதில் கேட்காமல் போனார்கள்.

இருவேளைகளில் தொல்லை மிகுந்தது: இரவு ஏழு மணிக்குமேல், பின்பு விடியலுக்கு முன் நான்கு மணியளவில். இரண்டும் அந்தத் தம்பி வீட்டில் விழித்திருக்கும் நேரம். புதிதாக உரிமம் பெற்றவர், புதிய கருவி, விரல் அரிப்பு என்றார் ஒருவர். 'பொத்தானை அழுத்திப் பார்த்து விளையாடுகிறான்' என்றார் இன்னொருவர். இவற்றைவிட வலுவான சான்று ஒன்றும் அவர்களுக்குக் கிடைத்தது. இரைச்சலுக்கு நடுவே ஓரிரவு மோர்ஸ் ஒலித்துணுக்கு ஒன்று கேட்டது: மூன்று புள்ளி, ஒரு கோடு. அது 'வி' என்னும் எழுத்து. இந்தியக் குறியின் முதலெழுத்து. அப்படியானால் செய்பவன் உள்ளூரான்தான், அதிலும் மோர்ஸ் பழகிக்கொண்டிருக்கும் ஒருவன்தான் என்று முடிவாயிற்று. தம்பி அப்போது மோர்ஸ் பழகிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும்.

அவருடைய உரிமத்தை விலக்கவேண்டும் என்று உரிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. ஏழு கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நான்கு விழுந்துவிட்டன. ஐந்தாவதாக எங்களிடம் வந்தது. எங்களிடம் என்பது, பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற எங்களிடமும், கப்பலில் வானொலி அலுவலராக முப்பது ஆண்டு வேலை பார்த்த, ஊரில் 'மார்க்கோனி ஐயா' என்றே பெயர்பெற்றுவிட்ட பெரியவரிடமும். எழுபத்தெட்டு வயது. மோர்ஸை அவர் எழுத்து எழுத்தாகக் கேட்பதில்லை. நாம் பேச்சைக் கேட்பதுபோல் கேட்பார். கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மூணு வாரம் குடுங்க. அதுக்குள்ள யாருன்னு சொல்றோம். முடியலன்னா இதுல நானே மொதல்ல கையெழுத்துப் போடுறேன்" என்றார். கடிதத்தைத் திருப்பித் தரவும் இல்லை.

செய்தி தம்பிக்கும் எட்டிவிட்டது. அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, கைக்கருவியையும் அதன் மின்கலத்தையும் தனித்தனியே மேசைமேல் வைத்தார். "சார், இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றிரவும் பெட்டி இருபதுக்கு மேற்பட்ட முறை திறந்தது. அதைச் சொன்னோம். 'இன்னொரு கருவி வைத்திருப்பான்' என்று பதில் வந்தது. சந்தேகத்திற்கு எப்போதும் இன்னொரு கருவி கிடைத்துவிடுகிறது.

மார்க்கோனி ஐயா ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நாள், மணி, நிமிடம், எத்தனை நொடி திறந்திருந்தது, சீழ்க்கையா வெற்றிரைச்சலா, காற்று எந்தத் திசை, வெளியே வெப்பம் எவ்வளவு. "காதுல விழுந்தத மட்டும் எழுதுங்க சார். மனசுல தோணுறத எழுதாதீங்க" என்றார். கப்பலில் அப்படித்தானாம், குறிப்பேட்டில் ஒரு ஊகம் எழுதினால் தலைவர் கிழித்துவிடச் சொல்வாராம்.

முதலில் செய்யவேண்டியிருந்தது ஒரு சிறு சோதனை. எல்லாரும் தொல்லையை மலைப்பெட்டி பேசும் அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் கேட்டால் எவர் பேசினாலும் மலையிலிருந்து வருவதுபோலத்தான் தெரியும். பெட்டியைத் திறப்பவர் யார் என்று அறியவேண்டுமானால், பெட்டி கேட்கும் அலைவரிசையை, அதாவது 600 கிலோஹெர்ட்ஸ் கீழே உள்ளதை, நாமும் கேட்கவேண்டும். இரண்டு கருவிகளை அருகருகே வைத்தோம். ஒன்று மேல் அலைவரிசையில், மற்றொன்று கீழ் அலைவரிசையில். தம்பியின் வீடு எங்கள் வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. அங்கிருந்து ஒருவர் பொத்தானை அழுத்தினால், ஆன்டெனாவுக்குப் பதில் ஒரு முழக் கம்பியைச் செருகியிருந்தாலும் கீழ் அலைவரிசையில் இடிபோல் விழவேண்டும். அது உண்மைதானா என்று பார்க்க, குறித்த ஒரு மணியில் தம்பியை அவர் வீட்டு வாசலிலிருந்தே தன் குறியைச் சொல்லி ஒருமுறை அழுத்தச் சொன்னோம். விழுந்தது. கருவியின் அளவுக்கோடு கடைசிவரை ஏறிற்று.

பிறகு மூன்று இரவுகள் கேட்டுக்கொண்டே இருந்தோம். மலைப்பெட்டி திறக்கும்போதெல்லாம் மேல் அலைவரிசையில் 'டக்'. கீழ் அலைவரிசையில் மயான அமைதி. ஒருமுறைகூட ஒன்றும் கேட்கவில்லை. மலைப்பெட்டிக்குக் கேட்பது நம் வீட்டுக்குக் கேட்கவில்லை என்றால், அது நம் ஊரிலிருந்து எழவில்லை. மலை உச்சிக்கு மட்டும் எட்டும் ஏதோ ஒரு தொலைவிலிருந்து வருகிறது.

இதைக் கொண்டுபோய்ச் சொன்னபோது, 'வண்டியில் வேறு ஊருக்குப் போய் அழுத்தலாமே' என்றார் ஒருவர். எரிச்சலூட்டும் கேள்விதான், ஆனால் நேரிய கேள்வி. ஒருவர் செய்யவில்லை என்பதை எத்தனை முறை காட்டினாலும் போதாது, செய்தது யார் என்று காட்டும்வரை.

இன்னொரு வாய்ப்பையும் ஒதுக்கவேண்டியிருந்தது. மலையுச்சியில் வேறு பல நிறுவனங்களின் கோபுரங்களும் நிற்கின்றன. இரண்டு வலிய நிலையங்களின் அலைகள் ஒரு கருவிக்குள் கலந்து, இல்லாத மூன்றாவது நிலையம் ஒன்றைப் பொய்யாகத் தோற்றுவிப்பது உண்டு. அதைக் கண்டறியவும் வழி இருக்கிறது: வரும் அலையைப் பத்து டெசிபெல் குறைக்கும் தடுப்பொன்றை இடையில் வைத்தால், உண்மையான நிலையம் பத்தே குறையும், இந்தக் கலப்புப் பொய்களுள் பெருவழக்கான வகையோ முப்பது குறையும். ஆனால் அதைச் செய்ய மலையேறவேண்டியதாகவில்லை. நோட்டுப் புத்தகமே விடை சொல்லிவிட்டது. கோபுரங்களுக்குக் காற்றும் வெயிலும் ஒரு பொருட்டல்ல. எங்கள் தொல்லைக்கோ அவைதாம் எல்லாம். காற்று வீசிய இரவுகளில் பெட்டி வாய் திறக்கவே இல்லை. கடல் கண்ணாடியாகக் கிடந்து, கீழ்வானில் மங்கல் படிந்திருந்த இரவுகளில் ஓயவில்லை. காலையில் வெயிலேறி ஒன்பது மணியானால் விளக்கை ஊதி அணைத்ததுபோல் நின்றுவிடும்.

அத்தகைய இரவுகளில் அடுத்த ஊர்க் கோவில் மணியும் பக்கத்துத் தெருவில் அடிப்பதுபோல் கேட்பதை நாங்கள் கவனித்தோம். ஒலியையும் அதே காற்று மூடி கீழே வளைத்துத் தருகிறது. தம்பியின் மாமனிடம் இதைக் கேட்டபோது அவர் வியப்படையவில்லை. அப்படிப்பட்ட நாளில் கடலுக்குள்ளிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கம் வழக்கத்தைவிடத் தூக்கித் தெரியும் என்றார். தெரியக்கூடாத தொலைவிலேயே தெரியும் என்றார். இணையத்தில் வில்லியம் ஹெப்பர்ன் என்பவர் வெளியிடும் வானிலை வரைபடங்கள் இருக்கின்றன. எந்தக் கடலின்மேல் எந்த நாளில் இந்தக் குழாய் அமையும் என்று வண்ணமிட்டுக் காட்டுபவை. அவற்றைத் திறந்து பார்த்தோம். மன்னார் வளைகுடாவின்மேல் நிறம் ஏறியிருந்தது. மாமன் அதை வரைபடமின்றியே சொல்லியிருந்தார்.

மார்ச் இரண்டாம் வாரத்தில், கடல் அசையாதிருந்த ஓர் இரவு, மலையில் பெட்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் தொலைபேசியில் சொல்லி அதை ஒரு மணிநேரம் நிறுத்திவைக்கச் செய்தோம். கூட்டு அழைப்பை அன்று கைவிட்டதற்குச் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் நம் குரலை நிறுத்தினால்தான் அதன் அடியில் இருப்பது கேட்கும். மார்க்கோனி ஐயாவின் மொட்டை மாடியில் ஒன்பது குச்சிகள் கொண்ட யாகி ஆன்டெனா ஒன்று இருந்தது. முன்பு வீடுதோறும் நின்ற அதே மீன்முள்தான். அது பார்க்கும் திசையில் மட்டும் கூர்மையாகக் கேட்கும். கையால் சுழற்றும் குழாய். வடமேற்கே மலையை நோக்கித் திருப்பினோம்: ஒன்றுமில்லை. வடக்கே: ஒன்றுமில்லை. கிழக்கே கொண்டுவந்தபோது இரைச்சல் மெலிந்து ஏதோ ஒன்று எழத் தொடங்கிற்று. தென்கிழக்கே நிறுத்தினோம். அறைக்குள் இருவர் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது.

அது இன்னொரு மலையின் இன்னொரு பெட்டி. ஆங்கிலத்திலும் சிங்களத்திலுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இடையே தமிழில் சிரித்தார். ஒவ்வொருவர் பேசி முடித்தபின்னும் 'பீப்' என்று ஒரு மணியொலி. பின் ஐந்து நொடி மௌனமாகத் திறந்திருந்துவிட்டு அது மூடிக்கொண்டது. எங்கள் பெட்டிக்கு மணியொலி கிடையாது. இரண்டு நொடிக்குமேல் காத்திராது. பெட்டிகளுக்கும் இப்படி நடையுடை பாவனை உண்டு. பழகிய காது பெயர் கேட்குமுன்பே ஆளை அறிந்துவிடும். (1996 முதல் 2006 வரை இலங்கையின் கடிகாரம் நம்முடையதைவிட முந்திச் சென்றது. அந்த ஆண்டுகளாயிருந்தால் யாராவது மணி சொன்னதைக் கேட்டே நாடு எதுவென்று கண்டுபிடித்திருக்கலாம். இப்போது இரண்டும் ஒன்றே.)

ஆயினும் பெயரைக் கேட்டாக வேண்டும். ஏழு நாற்பத்தெட்டுக்கு மோர்ஸ் வந்தது. கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டிருந்தோம். மார்க்கோனி ஐயாவுக்குப் பதிவு தேவைப்படவில்லை. கண்ணை மூடியபடியே, "நாலு, எஸ், ஏழு" என்றார். இலங்கையின் குறி அது.

பதிவை மெதுவாக ஓடவிட்டு எல்லாருக்கும் கேட்கச் செய்தோம். நான்கு புள்ளி, ஒரு கோடு, அது 4. மூன்று புள்ளி, எஸ். இரண்டு கோடு, மூன்று புள்ளி, 7. 'வி' என்பது மூன்று புள்ளி, ஒரு கோடு. அன்றிரவு இரைச்சலில் முதல் புள்ளி ஒன்று நனைந்து போயிருக்கிறது. நான்கு என்று தொடங்கிய கடல் கடந்த ஒரு பெயர், ஒரு புள்ளி குறைந்து, 'வி' என்று நம் கரையில் ஒதுங்கிவிட்டது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர்க் கடலுக்கும் ஓர் இளைஞரின் உரிமத்துக்கும் நடுவே நின்றது அந்த ஒரு புள்ளி. நொடியில் பத்திலொரு பங்குகூட அது நீளாது.

நடந்தது இதுதான். அவர்களுடைய பெட்டியும் நம் பெட்டியும் ஒரே சோடி அலைவரிசைகளைப் பயன்படுத்தின. ஆண்டின் பெரும்பகுதி கடல் இடையே நின்று இரண்டையும் பிரித்து வைத்திருந்தது. மூடி படிந்த இரவுகளில், அவர்கள் பெட்டியின் பேச்சு நம் கரையின்மேல் விழுந்தது, அதுவே சீழ்க்கை. அவர்களில் வலிய நிலையம் வைத்திருந்த ஓரிருவர் தங்கள் மலையை அழைத்தது நம் மலைக்கும் எட்டியது, அதுவே 'டக்'. அங்கே எவரும் ஒரு தவறும் செய்யவில்லை. இங்கேயும் எவரும் செய்யவில்லை. சந்தேகம் மட்டும் இங்கே பிறந்து இங்கேயே வளர்ந்தது.

மார்க்கோனி ஐயா சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கையொப்பமிட்ட நால்வரில் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனார். என்ன செய்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

கேட்ட நாள், மணி, அலைவரிசை, மணியொலி, வலிமை எல்லாவற்றையும் எழுதி, ஹாம் வழக்கப்படி ஓர் அட்டையில் இலங்கை நண்பர்களுக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்துப் பதிலட்டை வந்தது. கேட்டதற்கு நன்றி, அம்மாதங்களில் உங்கள் பெட்டி எங்களுக்கும் கேட்கும் என்று ஒரு வரி. அலை ஒருவழிப் பாதையன்று. அவர்கள் முன்பே தங்கள் பெட்டிக்கு டோன் பூட்டு போட்டிருந்தார்கள்.

அந்தப் பூட்டைத்தான் நாங்களும் போட்டோம். பேசும் குரலோடு சேர்த்து, காதுக்குப் புலப்படாத தாழ்ந்த ஒலி ஒன்றைக் கருவி அனுப்பும். 67 ஹெர்ட்ஸ் தொடங்கி 250.3 ஹெர்ட்ஸ் வரை இதற்கென வரையறுத்த ஒலிகள் உள்ளன. குறித்த அந்த ஒலி இருந்தால்தான் பெட்டி திறக்கும். இது தொல்லையை ஒழிக்காது. கடல் கடந்த அலை அப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். கதவை மட்டும் திறக்காது. விலை கொடுக்காமல் கிடைத்த பூட்டும் அன்று. பழைய கருவி வைத்திருந்தோர் வெளியே நின்றார்கள். அவர்களுள் முதல்வர் மார்க்கோனி ஐயா. கப்பலைவிட்டு இறங்கும்போது வாங்கிவந்த அவருடைய கனத்த கருவியில் அந்த ஒலியை உண்டாக்கும் வசதியே கிடையாது. திருடனைக் கண்டுபிடித்தவருக்கே கதவு சாத்தப்பட்டுவிட்டது. அவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூட்டு அழைப்பைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

புயல் நாளில் இந்த அயல் அலை குறுக்கிடுமா என்று பலரும் கேட்டார்கள். பெரும்பாலும் குறுக்கிடாது. காற்று கலக்கிவிட்டால் மூடி நிற்பதில்லை. ஓக்கியைப் போன்ற ஓர் இரவில் அக்கரை முற்றிலும் மௌனமாகத்தான் இருக்கும். தொல்லை எல்லாம் நல்ல வானிலையின் தொல்லை. ஆனால் பயிற்சி நடப்பதும் நல்ல வானிலையில்தான். அந்த நாள்களில் சலிப்படைந்து விலகிப்போனவர் புயலன்று கருவியின்முன் இருக்கமாட்டார்.

விலகிப்போனவரில் தம்பியும் ஒருவர். கைக்கருவியை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். பேசவில்லை. ஏப்ரல் முழுவதும், மே முழுவதும் கூட்டு அழைப்பில் அவர் குறியைப் படிக்கும்போது பதில் வராத இடம் ஒன்று இருந்துகொண்டே இருந்தது. நால்வரில் எவரும் வாய்திறந்து வருத்தம் சொன்னதாகத் தெரியவில்லை. ஒருவர் மட்டும் புதிய மின்கலம் ஒன்றை வாங்கி அவர் கடையில் வைத்துவிட்டு வந்தாராம்.

ஜூன் மாதம், மார்க்கோனி ஐயாவின் கருவி ஊமையாகிவிட்ட செய்தி எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு ஞாயிறு மாலை பற்றவைப்புக் கோலும், கட்டைவிரல் நகமளவில் ஒரு சிறு பலகையுமாக வந்து நின்றார். அந்த ஒலியை உண்டாக்கும் பலகை அது. பழைய கருவியின் வயிற்றைத் திறந்து, எங்கே மின்சாரம் எடுப்பது, எங்கே ஒலியைச் சேர்ப்பது என்று இருவரும் மங்கிய வரைபடத்தின்மேல் குனிந்திருந்தார்கள். மூன்று மணிநேரம். இடையில் பேசியது எல்லாம் கம்பியைப் பற்றியும் ஈயத்தைப் பற்றியுமே.

எட்டு மணிக்குக் கூட்டு அழைப்பு தொடங்கியது. மார்க்கோனி ஐயா பொத்தானை அழுத்தித் தம் குறியைச் சொன்னார். மலை திறந்தது. பிறகு ஒலிவாங்கியைத் தம்பியின் பக்கம் நீட்டினார். தம்பி அதை வாங்காமல், இடுப்பிலிருந்த தன் கைக்கருவியை எடுத்தார். அறைக்குள் இரண்டும் ஒன்றையொன்று ஊளையிடும் என்பதால் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, தன் குறியைச் சொன்னார்.